கேக்குக்கு ஒரு சத்தியம்

யார் வீட்டிலாவது பிறந்தநாள் என்று அழைப்பு வந்தால், அம்மா முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான். "கேக்கு கடையில வாங்குறாகளா, வீட்டுல செய்யிறாகளா?" கடை கேக் என்றால் அத்தையையும் கூட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்புவோம். வீட்டுக் கேக் என்றால் அம்மா அத்தைக்குத் தெரியாமல் நழுவ வழி உண்டா என்று யோசிப்பாள். வழி எங்கே இருக்கிறது? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் மாடியில் இருந்தோம், அத்தை கீழே இருந்தாள். அவள் வாசலைத் தாண்டித்தான் தெருவுக்கே போக முடியும்.

அத்தை அப்பாவின் அக்கா. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். நல்ல உயரம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் ஆம்பளைகள் கட்டுகிற பெரிய வாட்ச். கேக்கை மற்றவர்கள் மாதிரி எடுத்தவுடன் வாயில் போட மாட்டாள். முதலில் தட்டு மூக்கருகே போகும். அப்புறம் சுட்டுவிரலால் மேலே ஓர் அழுத்து. அமுங்கிய இடம் எழும்பி வருகிறதா என்று பார்ப்பாள். பிறகு துண்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். எல்லாம் முடிந்துதான் ஒரு விள்ளல் உள்ளே போகும். கூடத்தில் அத்தனை பேரும் "சூப்பர்", "கடை கேக்கெல்லாம் பிச்சை வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அத்தையின் குரல் எழும்பும்.

"ஃப்ரிட்ஜ்ல இருந்த முட்டையை அப்படியே ஒடைச்சு ஊத்திட்டீகளோ?"

அதில் கோபமோ கிண்டலோ இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்பாள். அதுதான் கொடுமை. திட்டினால்கூட எதிர்த்துச் சண்டை போடலாம். இப்படிக் கேட்டால் அந்த வீட்டுக்காரி என்ன செய்வாள்? முகம் செத்து நிற்பாள். நான் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்து, இந்த மனுஷி எனக்குச் சொந்தமே இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எட்டாவது படிக்கும்போது என் சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். கேக் தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது. அத்தை கேள்வி கேட்பதோடு நிற்கவில்லை, எழுந்து அடுப்படிக்குள்ளேயே போய்விட்டாள்.

"டப்பா எங்கத்தா?"

"என்ன டப்பா அக்கா?" என்றாள் சிநேகிதியின் அம்மா.

"பேக்கிங் பவுடர் டப்பா."

அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பின்னாலிருந்து அது வெளியே வந்தது. ஒட்டியிருந்த தாளில் எழுத்தே தெரியவில்லை. அத்தை ஒரு டம்ளரில் வெந்நீர் பிடித்து, அதில் அரை ஸ்பூன் பவுடரைப் போட்டாள். வந்திருந்த பெண்கள் அம்புட்டுப் பேரும் சுற்றி நின்று டம்ளரையே பார்த்தோம். பவுடர் பேசாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நொரைச்சுப் பொங்கணும். பொங்கலையா? அப்ப செத்துப் போச்சுன்னு அர்த்தம். செத்ததைப் போட்டா கேக்கு எப்படி எந்திரிக்கும்?"

பிறந்தநாள் வீட்டில், மெழுகுவத்தி இன்னும் சூடு ஆறாமல் இருக்கும்போது, செத்துப்போச்சு, செத்தது என்று இரண்டு தரம் சொன்னாள். அந்தப் பெண்ணின் பாட்டி வாயில் விரலை வைத்துக்கொண்டார். எனக்கு மானமே போனது. சிநேகிதி அந்த வருஷம் முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாதது கூடப் பரவாயில்லை. வகுப்பில் மற்றவர்கள் எனக்கு 'பேக்கிங் பவுடர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பொரிந்து தள்ளினாள். "ஊர்ல எவளாச்சும் இப்படிச் செய்வாளா மதினி? குடுத்ததைத் தின்னுட்டு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துரும்?"

"சொல்லாமப் போனா அடுத்த வருசமும் நமக்கு இதையேதானத்தா குடுப்பாக?" என்றாள் அத்தை.

அத்தையிடம் வட்டமான பழைய அலுமினிய ஓவன் ஒன்று இருந்தது. மூடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் அதில்தான் கேக் வேகும். வெறும் கேக்தான், க்ரீம் கிடையாது. க்ரீம் தடவுவது அவளுக்குப் பிடிக்காது. "சொறிக்குப் பவுடர் அடிக்கிற மாதிரி," என்பாள். சர்ச்சுக்குக் கிளம்பும்போதே வெண்ணெய், முட்டை, பால் மூன்றையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் போவாள். மூன்றும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும், ஒன்று ஜில்லென்றிருந்தாலும் கலவை திரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. மைதா சேர்த்த பிறகு கரண்டியை நாலு புரட்டு புரட்டுவாள், அவ்வளவுதான். நான் ஆசையாகக் கரண்டியை வாங்கிக் கலக்கினால் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். "வடைக்கா ஆட்டுற? இம்புட்டு அடிச்சா ரப்பராத்தான் வரும்." ஓவனுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூடியைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை.

எங்கள் தெருப் பெண்களுக்கு இந்த மூடி விஷயம்தான் பிடிபடவே இல்லை. இட்லிக் கொப்பரையைத் திறந்து திறந்து விரலால் தொட்டுப் பார்த்தே பழகிய கை. கேக்கையும் அப்படியே பார்த்தார்கள், அது பொசுக்கென்று உட்கார்ந்தது. ஒருத்தி இட்லி மாவு மாதிரி ராத்திரியே கரைத்து மூடி வைத்து, காலையில் பொங்கியிருக்கிறதா என்று ஆவலாகத் திறந்து பார்த்தாள். எதிர்வீட்டு அக்கா கதைதான் உச்சம். மகன் பிறந்தநாளுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகக் கலந்து தட்டில் ஊற்றிவிட்டு, அடுப்பில் வைக்கப் போகும்போது காலண்டரைப் பார்த்திருக்கிறார். ராகு காலம். முதல் முதலாகச் செய்கிற கேக்காயிற்றே என்று ஒன்றரை மணி நேரம் மூடி வைத்துவிட்டார்.

அத்தை அந்தக் கேக்கை அழுத்திப் பார்த்தாள். "ராகு காலத்துல வச்சிருந்தாக்கூட இந்நேரம் நல்லபடியா வெந்திருக்கும். காக்க வச்சதுல ராகுவே உள்ள எறங்கி உக்காந்துட்டாரு," என்றாள். எதிர்வீட்டு அக்காவே சிரித்துவிட்டார். அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதையெல்லாம் அவள் நம்பினதே இல்லை. பூனை குறுக்கே போனால், "அதுக்கு என்ன அவசரமோ" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தை எதையும் முகத்துக்கு நேரே சொல்லுவாள், ஒரே ஒரு தரம்தான் சொல்லுவாள். நாங்களெல்லாம் வாசல் வரைக்கும் "பிரமாதம்" என்றுவிட்டு, தெருமுனை திரும்பியதும் ஆரம்பிப்போம். "அது கேக்கா? செங்கல்லு." அம்மாதான் முதலில் ஆரம்பிப்பாள், நான் கூடச் சேர்ந்துகொள்வேன். அத்தை மட்டும் வாயைத் திறக்காமல் நடந்து வருவாள். கிண்டினால், "அதான் அங்கயே சொல்லியாச்சுல்ல" என்பாள்.

நன்றாக இருந்தால் அவள் பாராட்டவும் மாட்டாள். பேசாமல் தட்டை மறுபடி நீட்டுவாள். ஒரு கிறிஸ்மஸுக்கு எங்கள் சர்ச் பாஸ்டரின் மனைவி, எல்லோருக்கும் ஐயரம்மா, கொடுத்த ப்ளம் கேக்கில் பழமெல்லாம் அடியில் தங்கிப்போயிருந்தது. சபையே நின்றுகொண்டிருந்த இடத்தில், "பழத்தை மைதாவுல பொரட்டாமப் போட்டிருக்கீக ஐயரம்மா, அதான் அம்புட்டும் கீழ போய்ப் படுத்திருச்சு," என்றாள் அத்தை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே ஓடினேன். அடுத்த வருஷம் ஐயரம்மா கேக் தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அத்தையிடம்தான் வந்தார். அத்தை தின்றாள். ஒன்றும் சொல்லாமல் தட்டை நீட்டினாள். ஐயரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெரிய பரிசு வாங்கியவர் மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. வெட்கம்தான் கூடிக்கொண்டே போனது.

எனக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு குடும்பம், கிறிஸ்மஸ் முடிந்த வாரம், பெண் பார்க்க வந்தது. வீட்டில் செய்த கேக்கையும் கொண்டுவந்தார்கள். அத்தை வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோய், "முட்டை வாடை நிக்குது. வெண்ணெயும் சீனியும் நுரைக்கிறதுக்கு முந்தியே முட்டையை ஊத்தியிருக்கீக," என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். போனவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. பெண்ணுக்கு வயது கூடுதல் என்று தரகர் அப்பாவிடம் சொன்னது எனக்குத் தெரியும். மாடிப்படியில் நின்று கேட்டேன். ஆனால் அம்மா, "மதினி வாயாலதான் போச்சு" என்று ஊரெல்லாம் சொன்னபோது நான் மறுக்கவில்லை. வயதால் போனது என்பதைவிடக் கேக்கால் போனது என்றால் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. அத்தை காதுக்கும் அது போயிருக்கும். எங்களிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒத்தக்கடையிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. நிச்சயதார்த்த நாளும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, மருமகளுக்குத் தன் கையால்தான் கேக் செய்வேன் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் நான் கண்ணாடி முன்னால் பாதிச் சடையோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா அத்தையை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"மதினி, அவுக வீட்டு அம்மா கேக்கு செஞ்சு கொண்டாராக."

"நல்லதுதான."

"நீங்க ஒண்ணும் சொல்லப்படாது."

"நல்லா இருந்தா நான் என்னத்தைச் சொல்லப் போறேன்?"

"நல்லா இல்லாட்டியும் சொல்லப்படாது. இந்தா, இவ தலைமேல கைய வச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அத்தை சிரித்துவிட்டாள். "கேக்குக்கு ஒரு சத்தியமாத்தா? சத்தியமே பண்ணக்கூடாதுன்னு ஐயர் பிரசங்கம் பண்ணையில நீ தூங்கிட்டியா?"

"இவளுக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சிருச்சு மதினி." அம்மா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். "இதுவும் போச்சுன்னா நான் நாண்டுக்கிட்டுத்தான் சாகணும்."

அத்தை சிரிப்பை நிறுத்தினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "சத்தியமெல்லாம் என்னத்துக்கும்மா, அத்தை பாத்துக்கிடுவாக" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குத்தான் காத்திருந்தாள். நான் மல்லிகைச் சரத்தின் நூலில் ஏதோ முடிச்சு இருப்பதுபோல அதையே பிரித்துக்கொண்டிருந்தேன்.

கை என் தலைமேல் வந்தது. கனமான கை. அம்மா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அத்தை திருப்பிச் சொன்னாள். எந்தக் கேக்காக இருந்தாலும், யார் கேட்டாலும், நல்லா இருக்கு என்பதைத் தவிர வேறு வார்த்தை என் வாயிலிருந்து வராது. வந்தால் அந்தப் பாவம் இவள் தலையில் விடியட்டும். இன்றைக்கு மட்டும் என்று சேர்க்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மண்டபத்தில் கேக் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெள்ளை க்ரீம், மேலே ரோஜாப்பூ. வாயில் வைத்தால் நடுவில் களி. ஓரம் வெந்து இறுகியிருந்தது, நடுவில் பச்சை மாவு பல்லில் ஒட்டியது. கூட்டம் வழக்கம்போல "சூப்பர்" என்றது. நானும் சொன்னேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா ஒரு தட்டை ஏந்திக்கொண்டு, வரிசையாக நாற்காலிகளைத் தாண்டி, அத்தை முன்னால் போய் நின்றார். ஒல்லியான மனுஷி. கண்ணாடிக்குள் கண் பெரிதாகத் தெரியும்.

"மதினி, ஒங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். எங்க சித்தி மகளும் ஒங்க சர்ச்சுதான். கேக்குன்னா நீங்க உள்ளதைச் சொல்லுவீகளாம்ல. எனக்கு எப்பச் செஞ்சாலும் நடுவுல களியா நின்னுருது. வீட்டுல கேட்டா அம்புட்டுப் பேரும் நல்லா இருக்கும்பாக. பொய்யின்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்க. என்னதான் தப்பு பண்ணுறேன்?"

அவர் ஆசையாகக் கேட்டார். இத்தனை வருஷமாக அப்படி ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர் மாதிரி கேட்டார். ஊரையெல்லாம் ஓட வைத்த வாயைத் தேடி ஒருத்தர் வந்து நிற்கிறார், அந்த வாயில் பச்சை மாவு இருக்கிறது, விழுங்க முடியவில்லை. பின்னால் அம்மா தொண்டையைச் செருமினாள். அத்தை தலையைத் திருப்பி மேடையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

நான் கையைத் தூக்கி என் தலையில் இருந்த பூவைத் தொட்டேன். வேண்டுமென்று தொட்டேனா, கை தன்னால் போனதா, எனக்கே தெரியாது. அத்தை அதைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு மதினி," என்றாள்.

"அப்படிங்களா," என்றார் அவர். தட்டின் மேல் ஒரு டிஷ்யூவைப் போட்டு மூடிக்கொண்டு போய்விட்டார். அத்தை கை கழுவப் போனவள் வெகுநேரம் வரவே இல்லை.

கல்யாணம் நடந்தது. ஒத்தக்கடைக்கு வந்தேன். அடுத்த மழைக்காலத்தில் அம்மா தவறிப்போனாள். மாமியார் தங்கமான மனுஷி. இருவரும் சேர்ந்து கேக் செய்வோம், அது நடுவில் களியாகவே நிற்கும். தட்டை மாற்றினோம், முட்டையைக் குறைத்தோம், வீடியோ பார்த்தோம். ஓரம் கருகும், நடு வேகாது. ஒருநாள் மாமியார், "ஒங்க அத்தை ஏம்மா அன்னைக்கு அப்படிச் சொன்னாக? என்னைய மனுசியா மதிக்கலையோ?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சத்தியம் பண்ண வைத்த கதையைச் சொன்னேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தூக்குப் பாத்திரத்தை எடுத்தார். பிறகு, "கெளம்பு, அவுககிட்டயே போவோம்," என்றார். புதிதாகச் செய்த கேக்கைத் தூக்குப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

அத்தை வீட்டில் ஓவனைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு குக்கர் கவிழ்த்து வைத்திருந்தது. கேட்டதற்கு, "சர்ச் ஏலத்துக்குக் குடுத்துட்டேன். கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா வாய் சும்மா இருக்காது," என்றாள். யார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் இப்போது போவதில்லை என்று அப்பா சொல்லியிருந்தார்.

மாமியார் கேக்கை வெட்டி மூன்று தட்டில் வைத்தார். அத்தை மூக்கருகே கொண்டுபோகவில்லை, விரலால் அழுத்தவில்லை. நேராக ஒரு விள்ளல் வாயில் போட்டாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லா இருக்கு," என்றாள்.

"அத்தை, உள்ளதைச் சொல்லுங்க. சத்தியமெல்லாம் அம்மாவோட போச்சு. என் தலைதான, நானே சொல்றேன், விடுங்க."

"ஒன் தலைங்கறதாலதான்டி விட முடியல. வேற எவ தலையா இருந்தாலும் மண்டபத்துலயே சொல்லியிருப்பேன்."

"ராகு காலத்துக்கு அந்தச் சிரிப்புச் சிரிச்சீகளே, இதை மட்டும் நம்புறீகளா?"

"நம்பலத்தா." அத்தை என் வயிற்றைப் பார்த்தாள். எனக்கு அப்போது ஆறு மாதம். "ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் தட்டில் நடுத்துண்டு இருந்தது, பச்சை மாவு பளபளவென்று தெரிந்தது. அத்தை கையை நீட்டி அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். தன் தட்டிலிருந்த ஓரத்துண்டை எனக்கு வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாதே. வேகாத அந்தத் துண்டை முழுதாகத் தின்றுவிட்டு, மாமியாரைப் பார்த்து, "நல்லா இருக்கு மதினி," என்று இன்னொரு தரம் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓரத்துண்டைத் தின்றேன்.